ஊசிக்கு முன்பே பாட்டு: குழந்தைகளின் வலியைக் குறைக்க இசையைப் பயன்படுத்தும் முறை

பலதுறை மருந்தகத்தின் தடுப்பூசி அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஊசி குத்தும்வரை அம்மா, அப்பா யாரும் வாயைத் திறப்பதில்லை. குழந்தை வீறிட்ட பிறகுதான் கைத்தொலைபேசியில் பாட்டு வருகிறது, அதுவும் முழுச் சத்தத்தில். அந்த நேரத்தில் எந்தப் பாட்டும் எடுபடாது.

இசை வலியைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அழுத பிறகு கொடுக்கும் மருந்தாக அதை நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வலி வருவதற்கு முன்பே பாட்டு தொடங்க வேண்டும், வலிக்கும்போது நிற்காமல் ஓட வேண்டும், முடிந்த பிறகும் சில நிமிடங்கள் நீள வேண்டும். இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். சிங்கப்பூரில் குழந்தைகள் வார்டில் தாதியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். படித்ததும் பார்த்ததும் இதில் கலந்தே இருக்கும்.

பச்சைக் குழந்தைக்கு வலிக்குமா?

"பச்சப் புள்ளைக்கு என்ன தெரியும், ரெண்டு நிமிஷத்துல மறந்துடும்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1980-கள் வரை மருத்துவ உலகமே ஏறக்குறைய அப்படித்தான் நம்பியது. பிறந்த குழந்தைகளுக்குப் போதிய வலி மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை நடந்த காலம் அது. இந்தியாவிலிருந்து ஆக்ஸ்ஃபர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர், குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையின்போது சரியான வலி மருந்து கொடுத்தால் உடல் படும் பாடும் பின்விளைவுகளும் குறைகின்றன என்று தம் குழுவோடு 1987-இல் காட்டினார். அதற்குப் பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 2015-இல் அதே ஆக்ஸ்ஃபர்டில், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தைகளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வலியின்போது பெரியவர்களின் மூளையில் வேலை செய்யும் 20 பகுதிகளில் 18 அந்தக் குழந்தைகளிடமும் வேலை செய்தன.

சரி, இசை இதில் என்ன செய்கிறது? ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். வலிச் செய்தி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை; முதுகுத்தண்டில் அதற்கு ஒரு வாயில் இருக்கிறது. அந்த வாயில் எவ்வளவு திறக்கும் என்பது தொடுதல், பயம், கவனம், மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகள் எல்லாவற்றையும் பொறுத்தது என்பது அவர்கள் கருத்து. அந்த விளக்கம் பிறகு நிறையத் திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் பயம் கூடினால் வலி கூடும், கவனம் வேறு பக்கம் போனால் வலி தணியும் என்ற அடிப்படை மாறவில்லை. பாட்டு பயத்தைக் குறைக்கிறது, காதைத் தன் பக்கம் இழுக்கிறது. இன்னொன்றும் உண்டு: பாடுகிறவரின் மூச்சு நிதானமாகிறது, பிடித்திருக்கும் கையின் இறுக்கம் தளர்கிறது. குழந்தைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஆய்வுகளும் இருக்கின்றன. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ள லிங்கன் மருத்துவமனையில் சாமிநாதன் அன்பழகன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. பிறந்து ஓரிரு நாளான சுமார் 100 குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாருக்கும் முன்னதாகக் கொஞ்சம் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும், குத்துவதற்கு 20 நிமிடம் முன்பிருந்து, குத்தும்போதும், பின்னர் 5 நிமிடமும் மென்மையான தாலாட்டு இசை ஓடியது. இசை கேட்டவர்களின் வலி மதிப்பெண் குறைவாக இருந்தது. அந்த 20 நிமிட முன்னோட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

முதல் படி: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

முதலில் வைக்க வேண்டியது உங்கள் குரல். பதிவு செய்த பாட்டெல்லாம் அடுத்ததுதான். வயிற்றில் இருக்கும்போதே குழந்தை அம்மாவின் குரலைக் கேட்டுப் பழகிவிடுகிறது. பிறந்த சில நாளிலேயே மற்றப் பெண்களின் குரலைவிட அம்மாவின் குரலை அது நாடுகிறது என்று 1980-இலேயே ஆய்வு வந்துவிட்டது. குறைப்பிரசவக் குழந்தைகளைப் பற்றி ஜோவேன் லூவி என்ற இசை சிகிச்சையாளர் அமெரிக்காவில் 11 மருத்துவமனைப் பிரிவுகளில், 272 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. அதில் பெற்றோரே தேர்ந்தெடுத்த, அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமான பாட்டைத் தாலாட்டு வேகத்தில் நேரில் பாடினார்கள். குழந்தைகள் அமைதியானதோடு பெற்றோரின் பதற்றமும் தணிந்தது.

"எனக்குப் பாட வராதே" என்று தயங்குகிறீர்களா? வார்டில் நான் கேட்ட நல்ல தாலாட்டுகளில் பாதி சுருதி சேராதவை. குழந்தைக்கு அது கணக்கே இல்லை. ஆராரோ ஆரிரரோ என்று நான்கு சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும் நம் தாலாட்டு இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும்: மெதுவான வேகம், ஒரே அடி திரும்பத் திரும்ப, திடீர்த் தாவல் கிடையாது, நடுவில் குழந்தையின் பெயரையும் மாமன் பெயரையும் செருகிக்கொள்ளலாம். வார்த்தை மறந்தால் 'ம்ம்' என்று முனகினாலும் போதும். மாண்ட்ரியலில் ஓர் ஆய்வில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டே இராத துருக்கி மொழிப் பாட்டுகளைப் போட்டார்கள். சிணுங்கத் தொடங்க அவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம் ஆயிற்று. பேச்சைக் கேட்ட குழந்தைகள், அது கொஞ்சல் பேச்சாக இருந்தாலும்கூட, அதில் பாதி நேரம்தான் தாக்குப்பிடித்தார்கள். ஆக, கொஞ்சுவதைவிடப் பாடுவது மேல்.

நீலாம்பரி போட்டால் தூங்கிவிடும், ஆனந்தபைரவி வலியைப் போக்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் பட்டியல் சுற்றுகிறது. நீலாம்பரி தாலாட்டுக்குப் பேர்போன ராகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வலிக்கு இந்த ராகம் என்று மருந்துச்சீட்டு மாதிரி எழுதித்தர ஆதாரம் இல்லை. நியூயார்க் ஆய்வில் மொஸார்ட் போட்டார்கள் என்பதற்காக மொஸார்ட்டைத் தேடி அலையவும் வேண்டாம். பழகிய பாட்டு, மெதுவான பாட்டு, அவ்வளவுதான்.

பதிவு செய்த இசைதான் வேண்டும் என்றால் சிலவற்றைப் பாருங்கள். வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுக்குள் இருக்கட்டும். நிதானமாக நடக்கும்போது உங்கள் காலடியே அதைவிடச் சற்று வேகமாக இருக்கும். ஒரு குரல், ஒன்றிரண்டு வாத்தியம் போதும். சினிமாப் பாட்டில் மெல்லிய பல்லவி முடிந்ததும் தவிலும் டிரம்ஸும் வெடிக்கும் இடையிசை இருக்கிறதா என்று கடைசிவரை கேட்டுப் பாருங்கள். யூடியூபில் நேரடியாகப் போடாதீர்கள். ஊசி உள்ளே இருக்கிற நேரம் பார்த்து விளம்பரம் கத்தும். முன்கூட்டியே தரவிறக்கி, கைத்தொலைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, பாட்டி பாடுவதையே பதிவு செய்து வைத்துக்கொள்வது. பாட்டி மதுரையிலோ ஈப்போவிலோ இருந்தாலும் குரல் வந்து சேர்ந்துவிடும்.

இரண்டாம் படி: பாட்டைப் பழக்குவது

தேர்ந்தெடுத்த பாட்டை ஊசி நாளில்தான் முதல்முறை பாடுவேன் என்றால் பாதிப் பலன் போய்விடும். ஒரு வாரமாவது முன்னதாகத் தொடங்குங்கள். பால் குடிக்கும்போது, குளித்துத் துவட்டும்போது, மடியில் சும்மா கிடக்கும்போது, அதாவது குழந்தை சுகமாக இருக்கும் நேரங்களில், அதே பாட்டை அதே மாதிரி பிடித்துக்கொண்டு பாடுங்கள். தொடுதலும் மணமும் பாட்டும் ஒன்றாகச் சேர்ந்து பதிய வேண்டும்.

ஊசி முடிந்த பிறகும் இதை விட்டுவிடக் கூடாது. வலிக்கும்போது மட்டும் ஒரு பாட்டைப் பாடினால், ஐந்தாறு மாதக் குழந்தைகூட அதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கத் தொடங்கிவிடும். "அம்மா இதைப் பாடினால் ஏதோ வரப்போகிறது" என்று புரிந்துகொள்ளும். அதனால் பத்து நல்ல வேளைகளுக்கு ஒரு வலி வேளை என்ற கணக்கில் இருக்கட்டும். தூங்கவைக்கும் பாட்டையும் வலிப் பாட்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். இது என் சொந்தக் கருத்துதான். ராத்திரித் தூக்கத்தை எதற்குப் பணயம் வைக்க வேண்டும்?

பாட்டியோ பணிப்பெண்ணோ குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வீடாக இருந்தால், அவர்களுக்கும் அதே பாட்டைச் சொல்லிக்கொடுங்கள். பணிப்பெண் தன் ஊர்ப் பாட்டைப் பாடினால் இன்னும் நல்லது, இரண்டு பாட்டாக ஆயிற்று.

மூன்றாம் படி: அந்த நாள்

பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி, கல்லீரல் அழற்சிக்கான ஹெபடைடிஸ் பி. 2, 4, 6-ஆம் மாதங்களில் ஐந்து அல்லது ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. 12-ஆம் மாதத்தில் ஒரே வருகையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊசி. சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு இந்தத் தேதிகள் முன்கூட்டியே தெரிந்தவை. தயாராவதற்கு அவகாசம் இருக்கிறது.

முன்பதிவு செய்யும்போதோ பதிவு முகப்பிலோ மரத்துப்போக வைக்கும் களிம்பு பற்றிக் கேளுங்கள். எம்லா என்று தாதியர் சொல்வது அதைத்தான். தடவி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் வேலை செய்யும். வரிசை எண் கூப்பிட்ட பிறகு கேட்டால் பயன் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் எல்லா ஊசிக்கும் அது தேவைப்படாது, மருத்துவர் சொல்லட்டும்.

காத்திருக்கும் இடத்தில் திரையில் எண் மாறும் சத்தம், மற்றக் குழந்தைகளின் அழுகை எல்லாம் காதில் விழும். முடிந்தால் கதவிலிருந்து தள்ளி ஒரு மூலையைப் பிடியுங்கள். உங்கள் முறைக்கு 15, 20 நிமிடம் இருக்கும்போதே மெதுவாகப் பாடத் தொடங்குங்கள். வெட்கப்பட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீன ஆயாவும் தலையாட்டிக் கேட்பார்.

அறைக்குள் நுழைந்ததும் தாதியிடம் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: "நான் பாடிக்கொண்டே பிடித்துக்கொள்கிறேன், நிறுத்த வேண்டுமென்றால் சொல்லுங்கள்." யாரும் மறுக்க மாட்டார்கள். கனடாவின் எட்மண்டனில் மூன்று முதல் பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், இசை ஓடிய நேரத்தில் நரம்பில் ஊசி ஏற்றுவது சுலபமாக இருந்ததாக ஏற்றியவர்களே சொன்னார்கள். அசையாத கை யாருக்குத்தான் பிடிக்காது?

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தடுப்பூசி வலி பற்றிச் சொன்னவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு ஊசியின்போதோ சற்று முன்போ தாய்ப்பால் கொடுக்கலாம். படுக்க வைத்து அமுக்காமல் கையில் அல்லது மடியில் பிடித்திருப்பது நல்லது. ஒன்றுக்கு மேற்பட்ட ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடச் சொல்லிக் கேட்கலாம். பாட்டு இவற்றோடு சேரும்போதுதான் முழு வேலை செய்கிறது. பால் குடிக்கும் குழந்தைக்குப் பாட்டைக் காதோரம் முனகினால் போதும். வீட்டிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் கொண்டுபோக வேண்டாம். மருத்துவமனையில் கொடுக்கும் கரைசலுக்கு அளவும் வயதும் உண்டு. சேனை வைக்கிற வழக்கத்தில் தேனைத் தொட்டு வைப்பதும் கூடாது. ஒரு வயது ஆகும்வரை தேன் ஆகவே ஆகாது.

நான்காம் படி: குத்தும் நேரம்

மஞ்சள் காமாலைக்கு ரத்தம் எடுப்பதை இந்த ஊரில் பெரும்பாலான அம்மாக்கள் பார்த்திருப்பார்கள். குழந்தை பிறந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருக்கும். அம்மாவுக்கே உடம்பு தேறியிருக்காது. தாதி முதலில் குதிகாலைச் சூடாக்கி ரத்த ஓட்டத்தைக் கூட்டுவார். பிறகு குதிகாலின் ஓரத்தில் ஒரு சிறு குத்து. கண்ணிமைக்கும் நேரம்தான். அப்போது வரும் வீறலோடு முடிந்தது என்று அம்மா நினைத்துப் பாட்டை நிறுத்திவிடுவார். ஆனால் நிஜமான பாடு அதற்குப் பிறகுதான்: மெல்லிய குழாயில் போதிய ரத்தம் சேரும்வரை குதிகாலைப் பிசைந்து, விட்டு, மறுபடி பிசைவார்கள். ஒவ்வொரு பிசைவிலும் குழந்தை காலை இழுக்கும், கைவிரல் விரியும், குரல் ஏறும். பாட்டு தேவைப்படுவது அந்தச் சில நிமிடங்களுக்குத்தான். பஞ்சு வைத்து ஒட்டும்வரை நிறுத்தாதீர்கள்.

கையில் 'ப்ளக்', அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் மெல்லிய குழாய், போடும்போதும் இதே கதை. குத்துவது ஒரு நொடி. நரம்பைத் தேடுவதுதான் நேரம் எடுக்கும். ரப்பர் பட்டை கட்டி, தட்டிப் பார்த்து, சில சமயம் உள்ளங்கைக்கு அடியில் சின்ன விளக்கை வைத்து வெளிச்சத்தில் நரம்பைத் தேடி, போட்ட பிறகு பலகையில் கையை வைத்துச் சுற்றிக் கட்டும்வரை குழந்தைக்கு எல்லாமே பயம்தான். பட்டை கட்டும்போதே பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

குழந்தை அலறத் தொடங்கினால் என்ன செய்வது? மெதுவான தாலாட்டைக் கிசுகிசுத்தால் அதன் காதில் ஏறாது. அதன் குரலுக்கு ஈடுகொடுக்கிற அளவு குரலை உயர்த்தி, வேகத்தையும் கொஞ்சம் கூட்டி, அதே பாட்டைப் பாடுங்கள், கத்தக் கூடாது. பிறகு அடிக்கு அடி குரலையும் வேகத்தையும் இறக்குங்கள். குழந்தை பின்னாலேயே இறங்கி வரும். இசை சிகிச்சையாளர்கள் இதை ஐசோ முறை என்பார்கள். முதலில் நோயாளி இருக்கும் இடத்துக்கு இசை போக வேண்டும், பிறகுதான் அவரை அழைத்துக்கொண்டு வர முடியும் என்பது அதன் சூத்திரம். என் அனுபவத்தில் புது அப்பாக்களுக்கு இது சீக்கிரம் கைவரும். அம்மாக்கள் பல சமயம் குழந்தையோடு சேர்ந்து அழுதுவிடுவார்கள். அப்படியானால் பிடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் பாட்டு, கிலுகிலுப்பை, கைத்தொலைபேசிக் காணொளி, "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல" என்ற சமாதானம் எல்லாம் வேண்டாம். ஒரு குரல் போதும்.

ஐந்தாம் படி: முடிந்த பிறகு

ஐந்து நிமிடம் பாட்டைத் தொடருங்கள். அறைக்கு வெளியே வந்து, தோளில் போட்டுக்கொண்டு, அதே பாட்டு. பிறகு எவ்வளவு பலன் தந்தது என்று பாருங்கள். பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளக்க மருத்துவமனைகளில் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. நீங்கள் மதிப்பெண் போட வேண்டியதில்லை. நெற்றிச் சுருக்கம் விட்டதா, மடக்கிய கால் தளர்ந்ததா என்று பார்த்தாலே தெரியும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த அட்டையைக் காட்டி, "எந்த மூஞ்சி?" என்று கேட்கலாம்.

வயதுக்கேற்ற மாற்றங்கள்

குறைப்பிரசவக் குழந்தைக்கு எதையும் தாதியிடம் கேட்காமல் செய்யக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒலி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பழைய பரிந்துரை. இயந்திரங்களின் மணியோசையே அதைத் தாண்டிவிடும். அங்கே இசைப்பெட்டி வேண்டாம். நெஞ்சோடு அணைத்து வைக்கும் நேரத்தில் ஒரே குரலில் மெல்ல முனகினால் போதும். குழந்தை விரல்களை விரித்தாலோ, விக்கினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, நிறம் மாறினாலோ, அதற்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. உடனே நிறுத்திவிட்டுக் கையை மட்டும் அசையாமல் மேலே வைத்திருங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தாலாட்டோடு கைதட்டுப் பாட்டும் சாய்ந்தாடும் பாட்டும் சேரும். ஒரு வயதுப் பிள்ளைக்கு அடுத்த அடி என்ன என்று தெரிந்திருக்கும்; நடுவில் ஒரு நொடி நிறுத்தினால் உங்கள் வாயையே பார்க்கும். தாதி ஊசியை எடுக்கும் நேரம் அதுவாக இருக்கட்டும்.

மூன்று முதல் ஏழு வயதுவரை பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். எந்தப் பாட்டு என்று அவனே சொல்லட்டும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் நீளமாக ஊத வேண்டும் என்று விதி வையுங்கள், சோப்புக் குமிழி இருந்தால் இன்னும் நல்லது. பாடுவதும் ஊதுவதும் மூச்சை நீட்டும், உடம்பு தானாகத் தளரும். "வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். ஒருமுறை பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்த ஊசிக்குப் பாட்டும் எடுபடாது. "கொஞ்சம் வலிக்கும், பாட்டு முடியுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லலாம்.

எட்டு வயதுக்கு மேல் பட்டியல் அவர்களுடையது. கொரியப் பாட்டோ ராப்போ, உங்களுக்குப் பிடிக்காததாகவே இருக்கும். வாயைத் திறக்காதீர்கள். பள்ளியில் போடும் ஊசிக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். உயர்நிலை 1 மாணவிகளுக்கு 2019 முதல் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைப் பள்ளியிலேயே போடுகிறார்கள். அங்கே காதொலி (இயர்ஃபோன்) கிடைக்காது. பிடித்த பாட்டின் ஒரு சரணத்தை மனத்துக்குள் பாடிக்கொண்டே மூச்சு விடுவதை முந்தின வாரம் வீட்டில் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நீண்ட வலிக்கு

அறுவை சிகிச்சைக்குப் பின், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது, எலும்பு முறிந்து படுத்திருக்கும்போது வரும் வலி மணிக்கணக்கில் நீளும். சிகாகோவில் சுனிதா சுரேஷும், வலி மருத்துவரான அவர் தந்தை சந்தானம் சுரேஷும் சேர்ந்து, அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். தாங்களே தேர்ந்தெடுத்த பாட்டையோ கதையொலியையோ அரை மணி நேரம் கேட்டவர்களுக்கு வலி குறைந்தது. காதொலி மட்டும் மாட்டிச் சும்மா இருந்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. கதை கேட்டாலும் பலன் உண்டு என்பது பாட்டில் ஆர்வமில்லாத பிள்ளைகளுக்கு நல்ல செய்தி.

இதில் நேரம்தான் சூட்சுமம். வாயால் கொடுக்கும் பாராசிட்டமால் வேலை செய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். மருந்து கொடுத்த கையோடு பாட்டைத் தொடங்கினால் அந்த இடைவெளியை நிரப்பிவிடலாம். பாட்டு இருக்கிறதே என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டு மாற்றுவதற்கு முன் மருத்துவர் வலி மருந்து எழுதியிருந்தால் அதையும் கொடுத்து, பாட்டையும் போட வேண்டும்.

பல் முளைக்கும் வலி, வயிற்று முறுக்கு போன்றவற்றுக்கு வீட்டில் பாடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு வீவக அடுக்குமாடி வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று கவலைப்படுகிறவர்களுக்கு: அழுகையைவிடப் பாட்டு அவருக்கும் மேல்.

எப்போது பாட்டை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும்

காரணம் தெரிந்த வலிக்குத்தான் பாட்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல், தேற்றவே முடியாத அழுகை, பச்சை வாந்தி, கழுத்து விறைப்பு, வலது அடிவயிற்றில் வலி, பையனுக்குத் திடீரென விதைப்பையில் வலி, துவண்டுபோவது, மூச்சுத் திணறல். இவற்றில் எது இருந்தாலும் பாட்டைப் போட்டு "கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்காரக் கூடாது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை இரண்டிலும் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவு உண்டு. நிலைமை மோசமென்றால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.

சத்தம்

கைக்குழந்தைக்குக் காதொலி மாட்டவே வேண்டாம். தூங்க வைக்கும் இரைச்சல் கருவிகள் 14-ஐக் கனடாவில் சோதித்துப் பார்த்து 2014-இல் எழுதினார்கள். முழுச் சத்தத்தில் வைத்தபோது, 30 சென்டிமீட்டர் தூரத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின. கைத்தொலைபேசியைத் தொட்டிலுக்குள் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி, இருவர் சாதாரணமாகப் பேசினால் பாட்டை மீறிக் கேட்கிற அளவு போதும். பெரிய பிள்ளைகளின் காதொலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். மருத்துவமனையில் ஒரு காதைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள்; மருத்துவர் சொல்வது காதில் விழ வேண்டும்.

இசை சிகிச்சையாளரிடம் போவது எப்போது

மேலே சொன்னதெல்லாம் பெற்றோர் தாங்களே செய்யக்கூடியது. இசை சிகிச்சை என்பது அதற்கென்று படித்தவர்கள் குழந்தையின் மூச்சையும் அசைவையும் பார்த்து, அந்தந்த நொடிக்கு ஏற்ப இசையை மாற்றிச் செய்யும் வேலை. சிங்கப்பூரில் இவர்களுக்கென ஒரு சங்கம் 2007 முதல் இருக்கிறது. கேகே மருத்துவமனையிலும் இசை சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் விளையாட்டின் மூலம் பிள்ளையைத் தயார்செய்யும் சிறார் வாழ்வியல் சிகிச்சையாளர்களும் அங்கே உண்டு. புற்றுநோய் சிகிச்சை, திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம் என்று இருந்தால் கட்டாயம் கேளுங்கள். தானாக யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், வார்டு தாதியிடமோ குழந்தையின் மருத்துவரிடமோ "இசை சிகிச்சைக்குப் பரிந்துரை தர முடியுமா?" என்று கேட்டால் போதும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குப் பாட்டே தொல்லையாக இருக்கும், காதை மூடிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒலியடைப்பான் மாட்டி அமைதியைக் கொடுப்பதுதான் உதவி. எந்த ஒலி பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒரு தாளில் எழுதித் தாதியிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் தாதி மாறும்போது புதிதாக விளக்க வேண்டியிருக்காது. காது கேளாத குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் கனத்த குரலில் முனகினால் அதிர்வு உடம்பில் இறங்கும். காதுக்கருவி மாட்டிய பிள்ளையாக இருந்தால், ஸ்கேன் அறைக்குள் போகுமுன் அதைக் கழற்றச் சொல்வார்கள். அதுவரை பாட்டு, கழற்றிய பிறகு முதுகில் அதே தாளத்தில் தட்டிக்கொடுங்கள். இதையும் வீட்டிலேயே முன்கூட்டிப் பழக்கி வைக்கலாம்.